தெப்ப நெஞ்சும் ஏரா நெஞ்சும்

“நெஞ்சுப் பக்கமாப் பாத்து ஒரு கிலோ வெட்டித் தாங்கோ தம்பி. மகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள். சூப் வைக்கோணும்.”

கேட்டவர் யாழ்ப்பாணத்து அம்மா. கேட்ட இடம் பாரிஸ். கார் து நோர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து ஃபோபூர் சாந்தெனி தெருவில் வடக்கே நடந்தால், சற்று நேரத்தில் முருங்கைக்காயும் மாசிக்கருவாடும் பட்டுப்புடவையும் அடுத்தடுத்த கடைகளில் விற்கும் பகுதி வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது லா ஷப்பெல். தமிழர் வாயில் லாச்சப்பல். அங்கே ஓர் இறைச்சிக் கடையில் கட்டைக்குப் பின்னால் நிற்கும் இளைஞனுக்குப் பூர்வீகம் புதுச்சேரி முத்தியால்பேட்டை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கம்பளிச் சால்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பவர் அவனுடைய அத்தை. முப்பது ஆண்டு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அண்ணன் குடும்பத்தைப் பார்க்க வந்திருக்கிறார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தினமும் கடைக்கு வந்துவிடுகிறார்.

மருமகன் ஆட்டின் மார்புப் பகுதியை இழுத்துப் போட்டு, இரண்டு பக்க விலாக்களும் வந்து சேரும் நடுவரிசையில் கத்தியை இறக்கினான். கால் எலும்பை வெட்டும்போது வருகிற சத்தம் வரவில்லை. கரும்பு ஒடிகிற சத்தம்தான் வந்தது. துண்டுக்குத் துண்டு நடுவில் வெள்ளையாகக் குருத்து. எலும்பின் உள்ளே கடற்பஞ்சு போலச் சிவந்த மஜ்ஜை. சூப்புக்கு இதை ஏன் கேட்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

“அத்தை, இதுக்கு உங்க புத்தகத்துல என்ன பேரு?”

“ஸ்டெர்னம். மார்பெலும்பு. எனக்கும் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரம்பம் வச்சு நடுவுல அறுத்தாங்க.”

யாழ்ப்பாணத்து அம்மா சூப்பை மறந்து திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை மருமகனுக்கு விடுமுறை. அத்தைக்கு ஈபிள் கோபுரமும் வேண்டாம், லூவரும் வேண்டாம். அவர் முப்பது ஆண்டு கரும்பலகையில் வரைந்து காட்டிய எலும்புகள் எல்லாம் ஒரே கூடத்தில் நிற்கிற இடம் இந்த ஊரில் இருக்கிறது. அங்கே போக வேண்டும். அதுவும் அந்த ஒற்றை எலும்பை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

கார் து நோரில் 5ஆம் எண் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் போய்ச் சேரலாம். பஸ்தீய் வரை நிலத்தடி இருட்டு. கே து லா ராப்பே நிலையத்தில் வண்டி வெளிச்சத்துக்கு வருகிறது. அங்கிருந்து வளைந்து ஏறும்போது ஒரு பக்கத்தில் சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும். அதுதான் பாரிஸ் நகரப் பிணவறை. சட்ட மருத்துவ நிறுவனம். சந்தேக மரணங்களின் நெஞ்சுகள் திறக்கப்படும் இடம். பயணிகள் யாரும் கைபேசியிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அடுத்த கணம் வண்டி சேன் நதியின் மேல் போகிறது. நடுவில் தூணே இல்லாமல் 140 மீட்டர் ஒரே தாவலில் ஆற்றைக் கடக்கும் இரும்பு வில் அந்தப் பாலம். வில்லிலிருந்து தொங்கும் கம்பிகளுக்கு நடுவே வண்டி புகுந்து போவதைப் பார்த்தால் ஒரு பெரிய விலாக்கூட்டுக்குள் நுழைந்து வெளியேறுவது போலத்தான் இருக்கிறது. இந்த உவமை அத்தை சொன்னது. மருமகன் தினமும் போகிற பாதை. அவனுக்கு அப்படித் தோன்றியதில்லை.

பாலத்தில் போகும்போதுதான் அவர் அறுவைச் சிகிச்சைக் கதையைச் சொன்னார். இதயத்தில் வைத்த ஒட்டுக் குழாய்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நெஞ்செலும்பைப் பற்றித்தான் முழுப் புலம்பலும். அறுத்த எலும்பை எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டார்கள். எலும்பு கூடும் வரை ஆறு முதல் எட்டு வாரம் கையை ஊன்றி எழக் கூடாது, ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இரும வேண்டும். தும்மல் வந்தால் உயிர் போய்த் திரும்பி வரும். எதிர்வீட்டு அம்மா பாசத்தில் ஆட்டு நெஞ்செலும்பு சூப் கொண்டுவந்து நீட்டினாராம். கொழுப்பு ஆகாது என்று மருத்துவர் சொன்னதால் அத்தை குடிக்கவில்லை. “உடைஞ்சதுக்கு உடைஞ்சதையே குடுத்தாங்கடா” என்று இப்போதும் சிரிக்கிறார்.

ஓஸ்தர்லித்ஸ் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் ழார்தேன் தே பிளாந்த். பதினேழாம் நூற்றாண்டில் அரசரின் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கி, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1793இல் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக மாறிய இடம். தோட்டத்தின் ஆற்றங்கரை முனையில் செங்கல்லும் இரும்பும் கண்ணாடியுமாக நிற்பதுதான் ஒப்பீட்டு உடற்கூறியல் அரங்கம். கட்டியவர் ஃபெர்தினான் துத்தேர், திறந்தது 1898.

வாசலில் ஓர் ஒராங்குட்டான் போர்னியோ இளைஞன் ஒருவனின் கழுத்தை நெரிக்கிறது. ஃப்ரெமியே என்ற சிற்பி செய்த பளிங்குச் சிலை. பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். அதைக் கடந்து கூடத்துக்குள் காலடி வைத்தால் மூச்சு ஒரு நொடி நின்றுவிடும். யானை, காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, குதிரை, மான், திமிங்கலம் என்று நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே திசையில் முகம் வைத்து, திருவிழாக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு வருவதுபோல வாசலை நோக்கி வருகின்றன. கூட்டத்துக்கு முன்னே தோலுரித்த மனித உருவம் ஒன்று கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறது. ஊர்வலத்தைத் தடுக்கிறதா, நடத்துகிறதா என்று சொல்ல முடியாது.

இங்கே வருகிறவர்கள் மண்டையோட்டையும் பல்லையும் கொம்பையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அத்தை குனிந்தார். ஒவ்வொரு மிருகத்தின் முன்கால்களுக்கு நடுவே தலையை நீட்டி அடியில் பார்த்தார். காவலுக்கு நின்ற பெண்மணி இரண்டடி முன்னால் வந்து, பிறகு என்ன நினைத்தாரோ, நின்றுவிட்டார்.

சுவரோரக் கண்ணாடி அலமாரியில் மீன்கள். “இதுல எங்க இருக்கு, காட்டு பார்க்கலாம்.”

மருமகன் யோசிக்கவே இல்லை. “மீனுல நெஞ்செலும்பு ஏது அத்தை? வஞ்சிரத்தை வயித்துப் பக்கம் கீறினா செவுள் வரைக்கும் கத்தி எங்கயும் இடறாது.”

சரியான பதில். சுறாவோ வஞ்சிரமோ கெளுத்தியோ, மீனுக்கு மார்பெலும்பு கிடையாது. முதுகெலும்பு உள்ள பிராணி என்றால் இந்த எலும்பும் இருந்துதான் தீர வேண்டும் என்பதில்லை. முதன்முதலில் நிலத்தில் காலூன்றிய நான்குகால் பிராணிகளின் புதைபடிவங்களிலும் எலும்பாக இறுகிய மார்பெலும்பு அகப்படுவதில்லை. குருத்தெலும்பாக இருந்திருந்தால் மட்கிப் போயிருக்கும். உடம்பைத் தண்ணீர் தாங்கியவரை இதற்கு வேலையில்லை. முன்காலில் எடை ஏறிய பிறகுதான், இரண்டு தோள்களும் அகன்று விரியாமல் நடுவில் பிடிக்க ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

கத்தி பிடித்த பையன் ஒரு நொடியில் சொன்னதை ஒப்புக்கொள்ளாத மேதை ஒருவர் இதே தோட்டத்தில் வாழ்ந்தார். எத்தியேன் ழோஃப்ருவா செந்திலேர். நெப்போலியனின் படையோடு 1798இல் எகிப்துக்குப் போய் மீன்களையும் முதலைகளையும் ஆராய்ந்தவர். முதுகெலும்பிகள் அனைத்தும் ஒரே வரைபடத்தில் கட்டிய வீடுகள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அறை சிறுக்கலாம், பெருக்கலாம், இடம் மாறாது. அப்படியானால் மீனிலும் மார்பெலும்பு இருக்க வேண்டும் அல்லவா? 1818இல் வெளியிட்ட ‘உடற்கூறு தத்துவம்’ என்ற நூலில், செவுளை ஒட்டிய எலும்புகளில் அதைக் கண்டுபிடித்தே விட்டார். முழுமையான மார்பெலும்புக்கு ஒன்பது துண்டுகள் என்று கணக்குப் போட்டு ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்தார்.

அவரை எதிர்த்தவர் ழோர்ழ் குவியே. இளைஞனாக இருந்த குவியேயைப் பாரிஸுக்கு வரவழைத்ததே ழோஃப்ருவாதான். இருவரும் சேர்ந்து கட்டுரைகள் எழுதியவர்கள். உறுப்பின் வடிவத்தை நிர்ணயிப்பது அதன் வேலை. வேலை வேறானால் உறுப்பும் வேறு என்பது குவியே கட்சி. பகை முற்றி, 1830இல் அறிவியல் அகாதமியின் பொது அமர்வுகளில் வாரக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். மீனின் தொண்டை எலும்புகளில் ழோஃப்ருவா போட்ட கணக்கைக் குவியே துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டார். அந்த ஆண்டு ஜூலையில் பாரிஸில் புரட்சி வெடித்து மன்னர் ஓடினார். ஜெர்மனியில் முதுகவிஞர் கதே, “அங்கே நடந்த பெரிய சம்பவம்” என்று தன்னைப் பார்க்க வந்த நண்பரிடம் பரபரத்தது புரட்சியைப் பற்றி அல்ல, இந்த எலும்புச் சண்டையைப் பற்றி என்று ஒரு கதை உண்டு.

மீன் விஷயத்தில் குவியே பக்கம்தான் நியாயம். ஆனால் வரைபடம் ஒன்றுதான் என்ற ழோஃப்ருவாவின் உள்ளுணர்வைப் பிற்காலப் பரிணாம அறிவியல் வேறு காரணம் சொல்லி ஏற்றுக்கொண்டது. ஒரு விவாதத்தில் தோற்றவர் வேறொரு நூற்றாண்டில் பாதி ஜெயிப்பது அறிவியலில் நடக்கிற வேடிக்கை.

அவர் வைத்த பெயர்களுக்கு இன்னொரு வேடிக்கையான விதி வாய்த்தது. அடுத்த அலமாரியில் ஆமை மல்லாந்து கிடக்கிறது. அதன் அடியோட்டைப் பார்த்து இதுதான் பூரணமான மார்பெலும்பு என்று ழோஃப்ருவா நினைத்தார். ஒன்பது துண்டு என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். உண்மையில் ஆமைக்கு மார்பெலும்பே கிடையாது. அடியோட்டின் முன்பகுதி காறை எலும்புகளின் வழிவந்தது. மற்றவை வயிற்றுத் தோலடி எலும்புகளின் வாரிசுகள். ஆனாலும் அந்தத் துண்டுகளின் பெயர்களில் அவர் சூட்டிய ‘ஹயோ’, ‘ஹைப்போ’, ‘என்ட்டோ’, ‘ஸைஃபி’ எல்லாம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தப்பான விலாசத்துக்குப் போன கடிதம் அங்கேயே தங்கிவிட்டது.

தவளைக் கூட்டின் முன் அத்தை நெடுநேரம் நின்றார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்தி, நான்கு கைகால்களிலும் ஊசி குத்தி, நெஞ்சில் முதல் வெட்டுப் போடும்போது கத்தரிக்கோல் நறுக்கென்று கடிக்கும் இடம் இதுதான். தவளைக்குப் பெரும்பாலும் விலா எலும்பே இல்லை. ஆனால் நெஞ்சின் நடுவில் குருத்தும் எலும்புமாக ஒரு தகடு உண்டு. விலாவைச் சேர்த்துக் கட்டத்தான் மார்பெலும்பு என்று பள்ளிப் புத்தகம் சொல்வது தவளையிடம் செல்லாது. அது தொண்டையை உப்பவிட்டு அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளுகிற பிராணி. நெஞ்சுக்கூடு விரிய வேண்டியதில்லை. தாவி விழும்போது முன்கைகளில் ஏறும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான் அந்தத் தகடு. தேரைகளில் இரண்டு பக்கத்துக் குருத்துகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சறுக்கும். நம் வயல் தவளைகளில் நடுவில் இறுகச் சேர்ந்திருக்கும். தோளுக்காக வந்த எலும்பிடம் மூச்சு பிற்பாடுதான் வந்து ஒட்டிக்கொண்டது என்பதற்குத் தவளை நல்ல சாட்சி.

பல்லி, ஓணான் வகைகளில்தான் விலாக்கள் வந்து இதில் முட்டுகின்றன. பாம்பு கைகால்களை விட்டபோது இதையும் விட்டுவிட்டது. விலா முனைகள் அந்தரத்தில் நிற்பதால்தான் தன் பருமனைவிடப் பெரிய இரை உள்ளே போகும்போது மலைப்பாம்பின் உடம்பு இருபுறமும் விலகிக் கொடுக்கிறது. மாடிப்படி ஏறி மேலே போனால் புதைபடிவ அரங்கம். அமெரிக்கத் தொழிலதிபர் கார்னெகி அனுப்பி 1908இல் வந்து சேர்ந்த டிப்ளோடோகஸ் வார்ப்பு அங்கே நீண்டு கிடக்கிறது. அந்த ஜாதி டைனோசர்களுக்கு மார்பெலும்பு ஒன்று அல்ல, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகடுகள். மருமகன் படம் எடுத்துக்கொண்டான். அத்தைக்குப் பறவைகளிடம் போக அவசரம்.

பறவை அலமாரிகளில் ஒளிவு மறைவே இல்லை. கழுகு, புறா, வாத்து எதுவானாலும் முன்னால் துருத்திக்கொண்டிருப்பது நெஞ்செலும்புதான். அகலத் தகடு, அதன் நடுவில் நெடுக எழுந்து நிற்கும் அலகு. படகின் அடியில் ஓடும் அடிமரத்துக்குப் படகுக்காரர்கள் ஏரா என்று பேர் சொல்வார்கள். இலத்தீனில் அதற்குக் கரீனா. நெஞ்செலும்பில் ஏரா உள்ள பறவைகள் ஒரு கூட்டம், இல்லாத பறவைகள் இன்னொரு கூட்டம் என்று 1813இல் மெரெம் என்ற ஜெர்மானியர் பிரித்தார். ஏரா இல்லாதவற்றுக்கு அவர் எடுத்த பெயர் ராத்திஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது, பொருள் தெப்பம். தீக்கோழி, ஈமு, கிவி எல்லாம் தெப்ப நெஞ்சுக்காரர்கள். தீக்கோழிக் கூட்டின் அடியில் பார்த்தால் கவிழ்த்த முறம் போல வழவழவென்று இருக்கிறது. கோடு ஒன்றுகூட இல்லை.

“உன் கடைக் கோழிக்கு வருவோம். நெஞ்சுக்கறியை எலும்புலேர்ந்து உரிச்சா அடியில என்ன இருக்கும்?”

“விரல் மாதிரி தனியா ஒரு துண்டு, நடுவுல வெள்ளை நரம்போட. எக்குயியெத்னு இங்க தனி விலை.”

அந்த விரல் துண்டில்தான் பறத்தலின் சூட்சுமம் இருக்கிறது. மேலே கிடக்கும் பெரிய நெஞ்சுத் தசை இறக்கையைக் கீழே இழுத்து அடிக்கிறது. அப்படியானால் மேலே தூக்குவது? முதுகில் ஒரு தசை இருந்து இழுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பறவையில் தூக்குகிற தசையும் நெஞ்சில், பெரிய தசைக்கு அடியில், அதே எலும்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருமகன் நரம்பு என்று சொன்ன வெள்ளைத் தசைநாண் தோளில் மூன்று எலும்புகள் கூடும் இடத்தில் உள்ள துளை வழியே ஏறி, வளைந்து, இறக்கை எலும்பின் மேல்பக்கம் போய்ப் பிடிக்கிறது. கிணற்றுக் கப்பி இதே வேலையைச் செய்கிறது: கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி மேலே வரும். கனமெல்லாம் அடியில் இருப்பதால் பறக்கும்போது உடம்பு கவிழாது. புறாக்களில் இந்த நாணை மட்டும் அறுத்துவிட்டுப் பார்த்த பழைய சோதனை ஒன்று உண்டு. மேலேயிருந்து விட்டால் பறந்தன. சமதரையிலிருந்து எழும்ப முடியவில்லை.

முத்தியால்பேட்டையில் சின்ன வயதில் மொட்டைமாடியில் புறா வளர்த்தவன் மருமகன். “புறாவை நெஞ்சை அமுக்கிப் பிடிச்சா அப்பா அடிப்பாரு. செத்துரும்பாரு.” அதுவும் இந்த எலும்பின் கதைதான். பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு கொல்லன் துருத்திபோலக் கீழே இறங்கி ஏறினால்தான் காற்றுப்பைகளுக்குக் காற்று போய் வரும். விலாவை விட்டுவிட்டு ஏராவை மட்டும் அழுத்திப் பிடித்தாலும் மூச்சு முட்டிவிடும்.

சமையற்காரர்கள் இதே ஏராவின் பின்முனையை விரலால் வளைத்துப் பார்ப்பார்கள். வளைந்தால் இளங்கோழி, அந்த முனை இன்னும் குருத்தாக இருக்கிறது. வளையாவிட்டால் குக்கரில் கூட நாலு விசில் வைக்க வேண்டும். ஐரோப்பிய முட்டைப் பண்ணைகளில் ஏரா எலும்பு முறிவு இன்று பெரிய கவலை. முட்டையோட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்துக் கொடுத்துக் கோழியின் எலும்பு தளர்ந்துபோகிறது. பண்டிகை விருந்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து ஒடிக்கும் கவட்டை எலும்பு மட்டும் இதில் சேராது. அது இரண்டு காறை எலும்புகள் ஒட்டியது.

பறக்காத பென்குவினுக்கு நல்ல ஏரா இருக்கிறது. காரணம் கேட்டால் எளிது: அது தண்ணீருக்குள் பறக்கிறது. இலையுதிர்காலத்தில் பிரான்சின் வானத்தைக் கூட்டமாகக் கடக்கும் யூரேசியக் கொக்குக்கு இன்னும் விசித்திரம். அதன் ஏராவின் உள்ளே பொந்து. மூச்சுக்குழாய் அதற்குள் நுழைந்து சுருண்டு திரும்புகிறது. நாதஸ்வரக்காரர் குழலை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டது போல. கண்ணுக்கெட்டாத உயரத்திலிருந்து அதன் குரல் தரைக்கு வந்துசேர்வதில் அந்தச் சுருளுக்குப் பங்கு உண்டு.

வௌவாலுக்கும் சிறிய ஏரா உண்டு. மண்ணைத் தோண்டும் அகழெலிக்கும் உண்டு; காற்றோ மண்ணோ, கையால் அடித்துத் தள்ளுகிறவனுக்கு நெஞ்சில் பிடிமானம் வேண்டும். ஆனால் ஆதிப்பறவை என்று பேர்பெற்ற ஆர்க்கியோப்டெரிக்ஸுக்கு எலும்பாலான மார்பெலும்பு இதுவரை அகப்படவில்லை. 1993இல் பீட்டர் வெல்ன்ஹோஃபர் ஒரு புதைபடிவத்தில் அதைக் கண்டதாக எழுதினார். 2004இல் அவரே இன்னொருவரோடு சேர்ந்து மறுபடி ஆராய்ந்து, அது தோள் எலும்பின் ஒரு பகுதி என்று திருத்தி எழுதினார். தான் கண்டதைத் தானே ரத்து செய்யும் மனசு லேசில் வராது.

பாலூட்டிகளின் ஊர்வலத்துக்குத் திரும்பும்போது மணி ஒன்று. ஊர்வலத்தில் ஒரு காண்டாமிருகம் நிற்கிறது; நம் நாட்டுக்காரர். வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த சந்திரநாகூரிலிருந்து கப்பலேறி 1770இல் வெர்சாய் அரண்மனை மிருகக்காட்சிசாலைக்குப் போன பதினைந்தாம் லூயியின் காண்டாமிருகம். புரட்சிக் காலத்தில், 1793இல், வாள் குத்துப்பட்டு இறந்தது. தோல் தோட்டத்தின் வேறொரு கட்டடத்தில், எலும்பு இங்கே. புதுச்சேரிக்காரர்கள் இருவரும் அதன் முன் சற்று நின்றார்கள், சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி.

அதன் நெஞ்சைக் கவனித்தால் ஒன்று புரியும். காண்டாமிருகத்துக்கும் குதிரைக்கும் யானைக்கும் காறை எலும்பு கிடையாது. முன்கால்களுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே எலும்பு இணைப்பே இல்லை. தோள்பட்டைகளிலிருந்து இறங்கும் தசைத் தூளியில் அத்தனை பெரிய உடம்பு தொங்குகிறது. மார்பெலும்பு அந்தத் தூளிக்குள் குறுகலாக, முத்துக்கோத்ததுபோலத் துண்டு துண்டாக ஓடுகிறது. பன்றிக்கு ஆறு துண்டு, மாட்டுக்கு ஏழு, நாய்க்கு எட்டு. ஒட்டகம் இதையே உட்காரும் பலகையாக்கிக்கொண்டது: நெஞ்செலும்புக்கு நேர்கீழே தோல் தடித்துக் காய்த்த திண்டு ஒன்று உண்டு. அது உடம்பைச் சுடுமணலிலிருந்து சற்றுத் தூக்கி நிறுத்த, அடியில் காற்று புகுந்து போகும்.

வினோதத்தில் முதல் பரிசு அழுங்குக்குத்தான். எறும்பும் கரையானும் தின்று வாழும் இந்தச் செதில் பிராணியின் நாக்கு வாயில் தொடங்குவதில்லை. அதன் வேர்த் தசைகள் தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, மார்பெலும்பின் கடைசி முனையில் போய்க் கட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்காகவே அந்த முனை வயிற்றுப் பக்கம் நீண்டு போயிருக்கிறது. நெஞ்செலும்பில் நாக்கைக் கட்டிவைத்த பிராணி!

“சில பேருக்கு நாக்கை அங்கயாவது கட்டி வைக்கலாம்” என்றார் அத்தை. யாரை நினைத்துச் சொன்னார் என்று மருமகன் கேட்கவில்லை.

திமிங்கலத்தின் விலாக்கூட்டுக்குள் ஒரு பேருந்தை நிறுத்தலாம்போல இருக்கிறது. நெஞ்செலும்பைத் தேடினால் ஏமாற்றம். பலீன் திமிங்கலங்களுக்கு அது ஒற்றைத் துண்டு; முதல் ஜோடி விலா மட்டும் அதைத் தொடுகிறது. மற்ற விலாக்கள் கீழே எதையும் பிடிக்காமல் திறந்து நிற்கின்றன. ஆழத்துக்கு முங்கும்போது கடல் அமுக்குகிற அமுக்கில் நெஞ்சுக்கூடு உடையாமல் மடங்கிக் கொடுக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் ஆபத்து. பாட்டனார் காலத்தில் நிலத்தில் சம்பாதித்ததைத் திமிங்கலம் தண்ணீருக்குத் திரும்பியதும் ஏறக்குறையத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

மனிதக் கூட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார் அத்தை. பறவையையும் மனிதனையும் அருகருகே நிறுத்தி, ஒத்த எலும்புக்கு ஒத்த எழுத்துப் போட்டு முதலில் படம் வெளியிட்ட பியேர் பெலோனும் பிரெஞ்சுக்காரர்தான், ஆண்டு 1555. அந்தப் படத்தில் பறவையின் நெஞ்சு முன்னே தள்ளி நிற்க, மனித நெஞ்சு தட்டையாகப் போய்விட்டதுபோல இருக்கும். நம் மார்பெலும்பு ஒரு சாண் நீளத்துக்கும் குறைவு. அதைக் குத்துவாளாகக் கற்பனை செய்துதான் பழையவர்கள் பெயர் வைத்தார்கள்: மேலே பிடி, நடுவில் அலகு, கீழே நெஞ்சுக்குழிக்கு மேல் கூர்முனை. அலகு பிறக்கும்போது ஒரே எலும்பு அல்ல, ஆட்டைப்போலத் துண்டுகள்தான். இருபத்தைந்து வயதுக்குள் ஒட்டிக்கொள்கின்றன. கூர்முனை நாற்பது வயது வரையிலும்கூடக் குருத்தாக இருக்கும். நடுவயதில் அது இறுகி, குளிக்கும்போது கையில் தட்டுப்பட, கட்டி என்று பயந்து மருத்துவரிடம் ஓடுகிறவர்கள் உண்டு.

“கழுத்துக் குழியிலேர்ந்து விரலைக் கீழ இறக்கு. ஒரு மேடு தட்டுதா?”

அவன் தடவிப் பார்த்தான். தட்டியது.

பிடியும் அலகும் சேரும் மேடு அது. இரண்டாம் விலா அங்கேதான் வந்து சேர்கிறது. மருத்துவர்கள் விலா எண்ணத் தொடங்குவதும் அங்கிருந்துதான். மூச்சை இழுத்தால் எலும்பு முன்னும் மேலுமாக எழும். தெருமுனை அடிபம்பின் கைப்பிடி அசைகிற அசைவு. உடற்கூறு வகுப்பிலும் அதற்கு அடிபம்புக் கைப்பிடி என்றுதான் பெயர். பக்கத்து விலாக்கள் வாளியின் வளையம்போல வெளியே தூக்குகின்றன.

அத்தை சால்வையை விலக்கிக் கழுத்துக்குக் கீழே தொடங்கும் தழும்பின் மேல்முனையைக் காட்டினார். கருவில் இந்த எலும்பு இடதும் வலதுமாக இரண்டு குருத்துப் பட்டைகளாகத் தோன்றுகிறது. விலாக்களிலிருந்து முளைப்பது அல்ல. தனியாகவே தோன்றி, ஒன்றையொன்று நெருங்கி, மேலிருந்து கீழாக மூன்றாம் மாதத்துக்குள் ஒட்டிக்கொள்கின்றன. அபூர்வமாக ஒட்டாமல் போனால் இதயம் துடிப்பது தோலுக்கடியில் அப்படியே தெரியும். இந்த அரங்கம் திறப்பதற்கு ஓராண்டு முன், 1897இல், கெய்ரோவில் ஹெர்பர்ட் மில்டன் என்ற அறுவை மருத்துவர் நெஞ்செலும்பை நெட்டாகப் பிளந்து உள்ளே போகலாம் என்று எழுதினார். இதய அறுவைக்கு அந்த வழி பழக்கத்துக்கு வர 1957 ஆகிவிட்டது. ரம்பம் போகும் கோடு, கருவில் இரண்டு பட்டைகளும் கூடிய அதே நடுக்கோடு.

“தையல் போட்ட இடத்துலயே பிரிச்சிருக்காங்க” என்றான் மருமகன்.

“ஆமா. நல்ல தையக்காரன் அப்படித்தான் பிரிப்பான்.”

திரும்பும் வண்டியில் அத்தை தூங்கிவிட்டார். பாலமும் பிணவறையும் வந்து போனதை அவர் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கடையில் கூட்டம். நெஞ்செலும்பு கேட்டு ஒருவர் வந்தார். மருமகன் வெட்டினான், கத்தி இறங்கும்போதெல்லாம் வாய்க்குள் பிரெஞ்சில் எண்ணினான். அன், து, துருவா.

“என்ன தம்பி, விலையா எண்ணுறீங்க?”

“இல்லண்ணே. ஆட்டுக்கு ஆறா ஏழான்னு பாக்குறேன். ஆறு.”

ஸ்டூலிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். “சரியாப் பாரு. கழுத்துப் பக்கம் சின்னதா ஒண்ணு கறிக்குள்ள போயிருக்கும்.”

அவன் கட்டையில் கிடந்த துண்டுகளைக் கத்தி முனையால் ஒதுக்கி, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.